உடன் சென்ற மன்னர்

அறநெஞ்சினரே! இல்லறம் ஆடவர்க்கு அளிப்பது உணவும் உறைவிடமும் மட்டுமோ? மகத மன்னர் சிரேணிகரின் வரலாறு விடை கூறும்.

வேட்டைக்குச் சென்ற மன்னர், தியானத்தில் அமர்ந்த யசோதர முனிவரின் கழுத்தில் செத்த பாம்பை இட்டார். நான்காம் நாள் அதனைச் சேலினி தேவியிடம் பெருமையாய்க் கூறினார். தேவி துடித்தார். முனிவர் அப்போதே அதனை எறிந்திருப்பார் என்றார் மன்னர். மெய்த்துறவி எறியார் என்றார் தேவி.

இரவிலேயே இருவரும் சென்றனர். பாம்பு அப்படியே இருந்தது, எறும்புகள் மொய்த்திருந்தன. தேவி தரையில் சர்க்கரை தூவி எறும்புகளை இறக்கினார். தியானம் கலைந்த முனிவர், இழைத்தவருக்கும் துடைத்தவருக்கும் ஒரே வாழ்த்தை வழங்கினார். அச்சமநோக்கில் மன்னரின் செருக்குக் கரைந்தது.

நெடுங்காலம் வகுப்பறையில் நின்று நாம் கண்டதும் இதுவே: அதட்டல் அடக்கும், காட்டுதலே திருத்தும். தேவி கணவரை இகழவில்லை. அழைத்துச் சென்று காட்டினார். மன்னரும் மறுக்காது உடன் சென்றார். அதுவே அவரது வளர்ச்சியின் முதற்படி.

கட்டிய வினை முற்றும் நீங்கவில்லை. ஏழாம் நரகம் முதல் நரகமாகக் குறைந்தது. ஆயினும் வருங்காலத்தின் முதல் தீர்த்தங்கரர் அவரே என்பது நம் புராண மரபு.

ஆடவரே! இல்லாள் ஜினாலயத்திற்கு அழைத்தால், “நீ போய் வா” என்னாதீர், உடன் செல்வீர்.

அறம் வளர்க!