வெளியேறும் நீர்

குடிநீரை இருமடித் துணியால் வடிகட்டி, துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த கிணற்றிலேயே மீண்டும் சேர்ப்பது நம் முன்னோர் வழக்கம். உள்ளே வரும் நீருக்கு இத்துணைப் பேணுதல் காட்டிய நாம், வெளியேறும் நீரைப் பற்றிச் சிந்தித்ததுண்டா?

ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு அகிம்சையைப் பற்றி நாம் பல்லாண்டு பாடம் சொன்னோம். அந்நாளில் நம் வீட்டு அடுக்களை நீர் தெருவோரம் தேங்கிப் பொதுக்கிணற்றுப் பக்கம் ஊறியதை ஒருநாளும் பொருட்படுத்தினோமில்லை.

துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் இறுதியானது உற்சர்க்க சமிதி. உயிர்களற்ற இடம் பார்த்தே உடற்கழிவை நீக்குக என்பது அதன் கருத்து. இல்லறத்தார்க்கு அது கட்டளையன்று. எனினும் சிற்றூர்களில் இன்று காணும் இரட்டைக்குழிக் கழிப்பறை அந்நெறியை ஒருவாறு நினைவூட்டுகிறது. ஒரு குழி நிறைந்ததும் அதனை மூடி, மற்றதைப் பயன்படுத்துவர். நீர் மண்ணில் ஊறிவிட, மூடிய குழியில் உள்ளது ஓரிரு ஆண்டுகளில் நாற்றமற்ற எருவாகும். குழி கிணற்றை ஒட்டி அமைந்தால் மட்டும் எல்லாம் கெட்டது.

"மூடிய குழியில் கிருமிகள் மடிகின்றனவே, அது கொலையன்றோ?" என அன்பர் ஒருவர் வினவினார். புறந்தள்ளத்தக்க வினாவன்று. இல்லறத்தில் தவிர்க்கவியலாத ஆரம்ப இம்சையாகவே அதனை நாம் கொள்கிறோம். ஆயின், பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுத்தொட்டியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பின்னரும் நச்சுவாயுவால் மாண்டோர் உளர். கிருமிக்கு இரங்கிய அந்த அன்பரும், விடையளித்த நாமும், நம் இல்லத் தொட்டியில் இறங்கியவர் யார் என்று கேட்டதில்லை.

அடுக்களை நீருக்குக் கல் நிரப்பிய உறிஞ்சுகுழியைச் சென்ற ஆண்டுதான் அமைத்தோம்.