காட்டாமணக்கும் பாசியும்



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, மணலியிலிருந்து டாங்கர் லாரி ஓட்டும் நம் பங்கு வாலிபர் ஒருவர் வந்தார். “சாமி, முன்னே காட்டாமணக்குல டீசல் எடுக்கிறோம்னாங்க. இப்ப பாசியில எடுக்கலாம்ன்றாங்க. ரெண்டுல எது சாமி நல்லது?” என்று கேட்டார். ஞானஸ்நானத்துக்காக ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு காத்திருந்தது. அந்த அவசரத்தில், “பாசிதான் தம்பி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அறைக்குத் திரும்பிய பிறகு அந்தப் பதில் என் மனதை உறுத்தத் தொடங்கியது. அவர் கேட்டது நல்லது எது என்று. நான் சொன்னதோ அதிகம் தருவது எது என்பதற்கான விடை. இரண்டும் ஒன்றுதானா? ஆகையால் அவருக்குச் சொல்லவேண்டிய பதிலை இந்த வாரம் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல் என்ற அந்த ஜெர்மானியர் கண்டுபிடித்த எஞ்சின், 1900-ஆம் ஆண்டு பாரீஸ் மாநகரக் கண்காட்சியில் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. ஆகவே செடியின் எண்ணெயில் வண்டி ஓட்டுவது புதிய அதிசயம் அல்ல. எண்ணெயோடு மெத்தனாலும் சிறிது காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கினால், கிளிசரின் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்பதுதான் பயோடீசல். வீட்டில் சோப்புக் காய்ச்சிப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. 2002-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி டில்லியிலிருந்து அமிர்தசரசுக்குப் போகும் சதாப்தி இரயிலை, நூற்றுக்கு ஐந்து பங்கு பயோடீசல் கலந்து ஓட்டிப் பார்த்தார்கள். பிற்பாடு, நாளொன்றுக்கு 30 டன் பயோடீசல் தயாரிக்கும் ஆலைகளை ராய்ப்பூரிலும் நமக்கு அடுத்த தண்டையார்பேட்டையிலும் அமைக்க இரயில்வே திட்டமிட்டது. இந்தக் கதை நம் மூலக்கொத்தளத்துக்கு எவ்வளவு அருகில் வந்தது என்று பாருங்கள்.

இனிக் கணக்கு. நியூசிலாந்தில் பேராசிரியராக இருந்த யூசுப் சிஸ்டி என்பவர் 2007-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஒரு எக்டேர் நிலத்தில், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கரில், வருஷத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் கிடைக்கும்? சோயா 446, காட்டாமணக்கு 1,892, தென்னை 2,689, எண்ணெய்ப்பனை 5,950. நுண்பாசி, அதன் எடையில் நூற்றுக்கு முப்பது பங்கு எண்ணெய் இருந்தால், 58,700 லிட்டர். காட்டாமணக்கைப்போல் முப்பது மடங்கு! பாசிக்கு நல்ல நிலம் வேண்டாம், உப்புநீரிலும் வளரும், நெல்லோடும் கடலையோடும் போட்டிக்கு வராது. இந்தக் கணக்கோடு நின்றுவிட்டால் என் அவசரப் பதிலில் குற்றமில்லை.

ஆனால் காட்டாமணக்கைப் பற்றி எனக்குக் கணக்கைத் தவிர வேறொன்றும் தெரியும். நான் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். திருவண்ணாமலைப் பக்கம் என் சித்தப்பாவுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு கிணறும் இருந்தன. அங்கே காலங்காலமாக நிலக்கடலைதான். 2007-ஆம் ஆண்டு லீவுக்குப் போனபோது கடலை இல்லை. வரிசை வரிசையாகக் காட்டாமணக்கு நின்றது. ஒரு கம்பெனிக்காரர் வந்து, கன்று நாங்கள் தருகிறோம், கொட்டையை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், தண்ணீர் வேண்டாம், ஆடு கடிக்காது, உரம் வேண்டாம் என்றெல்லாம் சொன்னாராம். சித்தப்பா கடன் வாங்கிக் குழி எடுத்து நட்டிருந்தார். பாட்டிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. “வேலியில வைக்கிறதைக் கொல்லையில வெச்சிருக்கான், மாட்டுக்கு என்னடா போடுவான்?” என்றார்.

பாட்டியின் கேள்வியை அன்று நாங்கள் சிரித்துக் கடந்துவிட்டோம். பிறகு யோசித்தால், அதில்தான் முழுப் பொருளாதாரமும் இருந்தது. நிலக்கடலை போட்டால் பருப்பு மனிதனுக்கு, எண்ணெய் அடுப்புக்கு, கொடி மாட்டுக்கு, செக்கில் மிஞ்சும் புண்ணாக்கும் மாட்டுக்கு. வேரோ மண்ணுக்குச் சத்து சேர்க்கும். காட்டாமணக்கின் கொட்டை விஷம், பிண்ணாக்கும் விஷம், இலையை ஆடு முகர்ந்தும் பாராது. ஆடு கடிக்காது என்பதைக் கம்பெனிக்காரர் புகழ்ச்சியாகச் சொன்னார். ஆட்டுக்கும் ஆகாது என்பதே அதன் பொருள் என்று யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

தண்ணீர் வேண்டாம் என்ற வார்த்தையும் பாதி உண்மைதான். தண்ணீரில்லாமல் அந்தச் செடி பிழைத்திருக்கும், வாஸ்தவம். பிழைப்பது வேறு, காய்ப்பது வேறு. கைநிறையக் கொட்டை வேண்டுமானால் பாசனம் வேண்டும். காய்களும் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை, ஆளை விட்டுத் திரும்பத் திரும்பப் பறிக்கவேண்டும், கூலி கட்டாது. மூன்றாம் வருஷம் சித்தப்பா எடுத்த கொட்டை, பறித்த கூலிக்கும் போதவில்லை. அதற்குள் வாங்க வருவதாகச் சொன்னவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

இது ஒரு குடும்பத்தின் துரதிர்ஷ்டம் மட்டும் அல்ல. 2003-இல் மத்திய திட்டக்குழுவின் ஒரு குழு, இந்தியாவில் காட்டாமணக்குக்கு ஏற்ற நிலம் 134 லட்சம் எக்டேர் உண்டென்று மதிப்பிட்டது. சில ஆண்டுகளுக்குள் டீசலில் ஐந்தில் ஒரு பங்கை இப்படியே தயாரித்துவிடலாம் என்று குறி வைத்தார்கள். 2006 முதல் பயோடீசல் லிட்டர் 25 ரூபாய் என்று கொள்முதல் விலையும் அறிவித்தார்கள். அந்த விலைக்குக் கொடுக்க ஆளில்லை. தமிழ்நாட்டு விவசாயிகளிடம் நேரில் போய் விசாரித்த பெரே அரிசா-மொந்தொபியோ, சரச்சந்திர லேலே என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், விளைச்சல் சொன்னதற்கு வெகு கீழே இருக்கிறது, இந்தச் செடி விவசாயிகளை, அதிலும் ஏழை விவசாயிகளை, மேலும் ஏழையாக்குகிறது என்று 2010-இல் எழுதினார்கள். பெரிய விவசாயி பத்து ஏக்கரில் ஒரு ஏக்கரை இழந்து பார்க்கலாம். சித்தப்பாவுக்கு இருந்ததே இரண்டு.

குருமடத்தில் ஒழுக்க நூல் வகுப்பில் பழைய உதாரணம் ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு வேட்டைக்காரன் காட்டில் போகிறான். புதர் அசைகின்றது. மானாகவும் இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம்; அவனுக்குத் தெரியாது. சுடலாமா? கூடாது. மானாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்றாலும் கூடாது. அவன் சுட்டு, கடைசியில் அது மானாகவே இருந்துவிட்டாலும், சுட்ட வேளையில் அவன் பாவியே. ஏனெனில் தவறினால் சாகப்போவது அவன் அல்ல, வேறொருவன். நாங்கள் இளைஞர்கள், பட்டணத்தில் பிறந்தவனுக்குப் புதர் ஏது, வேட்டை ஏது என்று கேலி செய்தோம். காட்டாமணக்குக் கதையை நினைக்கும்போதெல்லாம் அந்த வேட்டைக்காரன்தான் என் கண்முன் வருகிறான். எந்தக் கன்று எந்த மண்ணில் எவ்வளவு காய்க்கும் என்று பத்து வருஷம் பார்த்து நிச்சயித்தவர் எவரும் இல்லை. எண்ணம் நல்லதாகவே இருந்திருக்கலாம்: அந்நிய நாட்டுக்குக் கச்சா எண்ணெய்க்காகக் கொட்டும் பணம் நம் கிராமத்துக்கு வரட்டும் என்ற எண்ணம். ஆனால் குண்டு பாய்ந்தது ஏழையின் கொல்லையில்.

இப்போது பாசிக்கு வருவோம். பாசியும் தோற்றுத்தான் நிற்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசாங்கம் 1978 முதல் 1996 வரை பாசி எண்ணெய் ஆராய்ச்சிக்கு ஏறக்குறைய இரண்டரைக் கோடி டாலர் செலவழித்தது. டீசலின் விலைக்குப் பாசி எண்ணெய் கட்டாது என்று கண்டு நிறுத்திவிட்டது. 2009-இல் எக்ஸான்மொபில் கம்பெனி அறுபது கோடி டாலர் வரை போடுவதாக அறிவித்து இறங்கியது. 2023-இல் அதுவும் விலகியது. காரணம் எளிது. பாசிக் குளத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை வடித்தால் கிடைப்பது ஒரு கிராம் அளவே பாசி. அவ்வளவு தண்ணீரையும் சுற்றிக் கலக்கி, வடித்து, பாசியை உலர்த்தி, எண்ணெயைப் பிரிப்பதற்குள் செலவாகும் மின்சாரம் கொஞ்சமல்ல. நல்ல பாசி வளர்க்கும் திறந்த குளத்தில் காட்டுப் பாசி வந்து புகுந்துகொள்ளும். பாசியைத் தின்னும் நுண்பூச்சிகளும் வரும். 58,700 லிட்டர் என்பது காகிதத்தில் விளைந்தது.

ஆயினும் ஒரு பெரிய வித்தியாசத்தைக் கவனியுங்கள். பாசி தோற்றபோது யார் வீட்டு மாடு பட்டினி கிடந்தது? எந்தக் கிணறு வற்றியது? பணம் போட்டவர் தம் பணத்தை இழந்தார், அவ்வளவுதான். காட்டாமணக்கு தோற்றபோது, திட்டம் வகுத்தவருக்குச் சம்பளம் குறையவில்லை; கன்று விற்றவருக்கு விலை வந்துவிட்டது; நட்டவன் மட்டுமே நஷ்டப்பட்டான். தம்பி, நீர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். நன்மை தீமை செடியிலும் இல்லை, பாசியிலும் இல்லை. பரிசோதனையின் நஷ்டத்தை யார் தலையில் கட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. பாசி நல்லது என்று நான் சொன்ன விடை சரியாக இருக்கலாம். நான் நினைத்த காரணம் சரியல்ல.

பாசி என்பதாலேயே அது என்றும் குற்றமற்றதாக இருந்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். காட்டாமணக்குக்கு நிலம் தேடியபோது “தரிசு” என்று எழுதிக் கொண்டார்கள். தரிசு என்பது யாருக்கு? ஆடு மேய்ப்பவளுக்கு அது மேய்ச்சல். விறகு பொறுக்குகிறவளுக்கு அதுதான் அடுப்பு. நாளைக்குப் பாசிக் குளத்துக்கு இடம் தேடும்போது உப்புநீர் வேண்டும், வெயில் வேண்டும், பாசிக்கு இரையாகக் கரியமிலவாயு வேண்டும், அதற்குப் புகைபோக்கி பக்கத்தில் இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு எங்கே வருவார்கள்? எண்ணூர்க் கழிக்குத்தான் வருவார்கள். அங்கே இறாலும் நண்டும் பிடிக்கிறவன் கண்ணுக்கு அது தரிசாகத் தெரியாது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் அந்தக் கழியில் படிந்ததை நாம் அறிவோம். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கரையெங்கும் எண்ணெய் ஒதுங்கியபோது வாளியால் அள்ளியதையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிக்குள் எண்ணெய் புகுந்து படகும் வலையும் கறுத்ததையும் கண்ணால் பார்த்தவர்கள் நம் பகுதியில் எத்தனையோ பேர். ஒருவனுடைய பிழைப்பை வெற்றிடம் என்று பெயர் மாற்றி எழுதுவது ஏழாம் கற்பனைக்கு அடங்கிய காரியம் என்றே நான் எண்ணுகிறேன்.

பாசியால் வேறு நல்ல காரியம் நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். பாசியியல் என்ற படிப்புக்கு நம் நாட்டில் தந்தை என்று போற்றப்படும் எம். ஓ. பி. ஐயங்கார் சென்னைக்காரர்தான். அவர் வழி வந்த ஊரில், 2006-ஆம் ஆண்டு முதல், இராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் அமிலக் கழிவுநீரைப் பாசி வளர்த்தே சுத்தம் செய்து காட்டினார்கள் சென்னை ஆராய்ச்சியாளர்கள். அங்கே யாரும் பாசியிடம் டீசல் கேட்கவில்லை. சின்ன வேலை கொடுத்தார்கள், செய்தது.

இன்னொன்றும் உண்டு, இது நேராக நம் வீட்டுப் பெண்களுக்கும் பஜ்ஜிக் கடைக்காரர்களுக்கும். பொரித்த எண்ணெயும் பயோடீசலாகும். பெரிய ஓட்டல்கள் கறுத்துப்போன எண்ணெயைத் தெருவோரக் கடைகளுக்கு விற்பதும், அதிலேயே மறுபடி பொரித்து நம் பிள்ளைகள் தின்பதும் பழைய வழக்கம். அதைத் தடுக்க 2018-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய் எவ்வளவு கெடலாம் என்று வரம்பு வைத்து, வரம்பு மீறியதை வாங்கிப் பயோடீசலாக்கும் ஏற்பாட்டையும் தொடங்கியது. இதற்கு ஒரு செண்டு நிலமும் வேண்டாம். யாருடைய சாப்பாடும் குறையாது. குறைவது வயிற்றுக்கு ஆகாத எண்ணெய்தான். நாட்டுக்கு வேண்டிய டீசலுக்கு இது கடுகளவு என்பது உண்மை. நம் நாடு சமையல் எண்ணெயிலேயே பாதிக்குமேல் வெளியிலிருந்து வாங்குகிறது. அதைக் கொண்டு எல்லா லாரியையும் ஓட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் களவை அறிக்கையிடுகிறவனிடம், எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாயா என்று கேட்பது குருவின் கடமை. கொடுக்காதவரையில் மனஸ்தாபம் நிறைவாகாது. தவறான வாக்குறுதியால் ஒருவனுக்கு நஷ்டம் விளைவித்தாலும் ஈடு செய்யவேண்டும் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். ஆனால் ஒரு கொள்கை, ஒரு திட்டம், ஒரு கம்பெனி பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வந்து முழந்தாளிடுவதில்லை. 2018-இல் வந்த புதிய கொள்கை 2030-க்குள் நூற்றுக்கு ஐந்து பங்கு பயோடீசல் போதும் என்று குறியைத் தாழ்த்திக்கொண்டது. குறியைத் தாழ்த்துவது புத்திசாலித்தனம். முதல் குறிக்காக நிலத்தைக் கொடுத்தவனுக்கு என்ன ஈடு என்று நானும் தேடிப் பார்த்தேன். சித்தப்பாவுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

அவர் நான்காம் வருஷம் அந்தச் செடிகளை வேரோடு பிடுங்கினார். பிடுங்குவதற்கும் கூலி கடன் வாங்கித்தான் கொடுத்தார். வரப்போரம் மட்டும் பத்துப் பதினைந்து செடியை விட்டுவைத்திருக்கிறார், வேலிக்கு. கொல்லையில் இப்போது பழையபடி நிலக்கடலை.