நித்திய கர்மமும் அரசின் காவலும்

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்ப்புறங்களில் ஏரிக்கரையோரத்திலும் வயல்வெளிகளிலும் இன்றும் காணப்படும் நடுகற்கள், கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போய் மாண்டவனுக்கும், ஊர் அழிந்த நாளில் வாளோடு நின்று வீழ்ந்தவனுக்கும், புலியோடு பொருது உயிர்விட்டவனுக்கும் எடுக்கப்பெற்றவை. மாவட்டத் தலைநகரின் அரசு அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணும் எவருக்கும் வீரத்தின்பால் பக்தி உண்டாவது இயல்பு. ஆயினும், பகைவர் வந்த ஓர் இரவில் வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டிய அதே சமூகம், பகைவர் வாராத எண்ணற்ற இரவுகளில் கண் துஞ்சாது காவலிருந்து முதுமையில் பாயிற் கிடந்து இறந்தவனுக்கு ஏன் கல் நாட்டவில்லை என்ற கேள்வியும் கூடவே எழாமற் போகாது. நிகழ்ந்த போருக்குச் சாட்சி உண்டு. நிகழாத கொள்ளைக்குச் சாட்சி ஏது? காவல் தன் தொழிலைச் செவ்வனே செய்த இடத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுமின்மையே. அந்த ஒன்றுமின்மைக்குப் பொருள் கொடுப்பது தர்மமா, வீண் செலவா என்பது தத்துவ விசாரணைக்கு உரிய வினா. இன்று அது அரசாங்க அலுவலகங்களின் கொள்முதல் கோப்புகளில் ஆண்டுதோறும் எழுந்து, விசாரிப்பார் இன்றியே முடிந்துபோகிறது.

இதே மாவட்டத்து ஓசூருக்கு இவ்வினா அயலானதன்று. 2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வரும்வரை, ஜூஜூவாடிப் பக்கத்து எல்லையில் லாரிகள் வணிகவரிச் சோதனைக்காக வரிசை வரிசையாக நின்று, தாள்களைக் காட்டி முத்திரை பெற்ற பின்னரே ஊர்ந்தன. எல்லைக் காவல் இன்னதென்று சிறுவனும் கண்ணாற் கண்டான். அந்தச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் கடப்பதற்கு இ-வே பில் வந்தது. சிப்காட் பட்டறைகளில் கடைந்தெடுக்கப்படும் உதிரிபாகமும், அசோக் லேலண்டின் லாரியும், டைட்டனின் கைக்கடிகாரமும் இன்று எல்லை கடப்பது மின்வலையிற் பதிந்த ஓர் எண்ணின் பலத்தாலேயாம். சூளகிரி விவசாயியின் பட்டா, ஓசூர் மாநகராட்சியின் சொத்துவரிக் கணக்கு, பத்திரப் பதிவு ஆகிய யாவும் கணினி ஏறிவிட்டன. மாவட்ட அலுவலகங்களையும் வட்ட அலுவலகங்களையும் சென்னையோடு பிணைக்கும் மாநில வலையமைப்பை எல்காட் நிறுவனம் நடத்துகிறது. காவல் என்பது எல்லைக் கல்லை விட்டுப் பெயர்ந்து, குளிரூட்டிய அறையில் சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ஃபயர்வால் பெட்டிக்குள் புகுந்துகொண்டது.

அந்தப் பெட்டியின் இயல்பை அறிந்தாலன்றி வினாவின் கூர்மை விளங்காது. வாங்கிய நாளில் அதனுள் இருப்பது அந்நாள்வரை அறியப்பட்ட தீங்குகளைப் பற்றிய ஞானம் மாத்திரமே. பின்னர்த் தோன்றும் தீங்குகளின் அடையாளங்களும், அதன் மென்பொருளிலேயே பிற்பாடு கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்கும் பேட்ச்சுகளும், சிக்கல் நேர்ந்த நள்ளிரவில் பதில் சொல்லும் பொறியாளரின் துணையும், லைசன்ஸ் உயிரோடு இருக்கும் காலம்வரையில்தான் வந்துகொண்டிருக்கும். லைசன்ஸ் காலாவதியான மறுநாள் பெட்டி பெரும்பாலும் அணைந்துபோவதில்லை. விளக்கு எரிகிறது, இணையம் ஓடுகிறது, அலுவல் நடக்கிறது. காவலன் மட்டும் நேற்றைய பகைவரின் முகங்களையே மனத்திற்கொண்டு வாயிலில் நிற்கிறான். இந்நிலையில், புதிய கொள்முதலுக்கு அமைச்சர் வரும் திறப்பு விழா உண்டு, மூலதனச் செலவென்ற கௌரவமும் உண்டு, ரெனியூவலுக்கும் ஏ.எம்.சி. என்னும் ஆண்டுப் பராமரிப்புக்கும் விழாவும் இல்லை, பெயரும் இல்லை. நிதி இறுகும் ஆண்டில் முதலில் ஒத்திவைக்க மனம் துணிவது அவற்றையே.

இத்தகைய கருமத்தைப் பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து எண்ணியிருக்கின்றனர். மீமாம்சகர் கர்மங்களை நித்தியம், நைமித்திகம், காமியம் என வகுத்தனர். மழை வேண்டியோ மகப்பேறு வேண்டியோ செய்யும் வேள்வி காமியம். அதற்குக் குறித்த பலன் உண்டு, விரும்பாதவன் விட்டுவிடலாம். கிரகணம் போன்ற நிமித்தம் நேரும்போது செய்வது நைமித்திகம். சந்தியாவந்தனம் போன்ற நித்திய கர்மத்தையோ, செய்வதாற் புதிதாக ஒன்றும் கைவாராது, செய்யாவிடிற் பிரத்தியவாயம் என்னும் தோஷம் நேரும் என்று பலரும் கொண்டனர். நியாய நூலாருட் சிலர் இன்னும் நுட்பமாகச் சென்று, வாராத துன்பத்தின் வாராமையைக் காத்துவருவதும் ஒரு பலனே என்றனர். ஒரு பொருள் தோன்றுவதற்கு முன்னுள்ள அதன் இன்மையைப் பிராகபாவம் என்று பெயரிட்டு, இன்மையையும் பதார்த்தங்களுள் ஒன்றாக எண்ணிய மரபன்றோ அது! புதிய திட்டம் அரசின் காமிய கர்மம். தாக்குதலுக்குப் பின் நடக்கும் பழுதுபார்ப்பு நைமித்திகம். உரிமத்தைத் தவணை தவறாது புதுப்பித்தல் நித்திய கர்மம் என்றே நான் கொள்கிறேன்.

இவ்விடத்தில் ஆதிசங்கரர் எழுப்பிய ஆட்சேபத்தை எதிர்கொள்ளாமல் மேலே செல்லுதல் நேர்மையாகாது. செய்யாமை என்பது வெறும் இன்மை. இன்மையிலிருந்து தோஷம் என்னும் உள்பொருள் எங்ஙனம் பிறக்கும் என்று தைத்திரீய உபநிஷத் பாஷ்யத்தில் அவர் வாதிக்கிறார். நித்திய கர்மத்தைக் கைவிட்டமை தோஷத்தைப் படைப்பதில்லை. முன்பே சேர்ந்து கிடந்த தீவினை பலிக்கவிருப்பதற்கு அஃது அடையாளமே என்பது அவர் முடிபு. நம் விஷயத்துக்கு இது வியக்கத்தக்க வகையிற் பொருந்துகிறது. புதுப்பிக்காமை ஓட்டையை உண்டாக்கவில்லை. அம்மென்பொருளை எழுதிய நாளிலிருந்தே ஓட்டை அதனுள் உறங்கிக் கிடந்தது. அப்படியாயின், கையொப்பம் இடாது கோப்பை வைத்திருந்த அதிகாரி, தான் ஒன்றும் செய்யவில்லையே என்று சொல்லி விடுதலை பெறலாமா? சங்கரரின் வாதம் காரண காரியத்தைப் பற்றியது. பொறுப்பைக் கழற்றி வைப்பதற்கு அவர் அதைத் தரவில்லை. குடிமகன் தன் நிலத்தின் விவரத்தையும் நோயின் வரலாற்றையும் விரும்பி அரசிடம் தரவில்லை. சட்டம் கேட்டது, தந்தான். வேறோர் அரசிடம் கொண்டுபோய் வைக்கும் வழி அவனுக்கு இல்லை. அவை அடைக்கலப் பொருள்கள். தன் பொருளைக் காவாது விடுபவன் அசட்டையானவன் எனப்படுவான். அடைக்கலத்தைக் காவாது விடுபவனோ, கையை அசைக்காமலே துரோகம் செய்தவனாகிறான்.

காவாமையின் பயனைப் பிரத்தியட்சமாகக் கண்ட நாடு பிரிட்டன். விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் ஆதரவை நிறுத்தியபோது, பிரிட்டிஷ் அரசு ஏறத்தாழ 55 லட்சம் பவுண்டு கொடுத்து ஓராண்டுக்கு நீட்டிப்புப் பெற்றது; 2015இல் அதைப் புதுப்பிக்கவில்லை. 2017 மே 12 அன்று வானாக்ரை என்னும் பணயத்தீநிரல் (ரான்சம்வேர்) உலகெங்கும் பரவியபோது, இங்கிலாந்தின் 236 மருத்துவ டிரஸ்ட்டுகளில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன; 19,000க்கு மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்ற மதிப்பீட்டை அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை தந்தது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். தாக்குண்ட கணினிகளிற் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, ஆதரவு இருந்த விண்டோஸ் 7. அதற்குரிய பேட்ச் இரண்டு மாதங்களுக்கு முன்பே வந்திருந்தும் இடுவார் இல்லை. ஆகவே பணம் கட்டுவதோடு நித்திய கர்மம் நிறைவேறிவிடுவதில்லை. வந்ததை எடுத்துப் பொருத்தும் ஆளையும் நாளையும் சேர்த்து வாங்கினாலன்றி, வாங்கியது வெறும் ரசீதுதான். நம் நாட்டில் 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்குண்டு, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டு, நோயாளிகள் பல நாட்கள் கையெழுத்துச் சீட்டுகளோடு காத்திருந்தார்கள். வலையமைப்பை முறையாகப் பிரித்து வைக்காமையே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன பதிலும், செய்யாமை ஒன்றைப் பற்றியதே.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. ஒரு தயாரிப்பை வாங்கிவிட்ட பிறகு அதன் புதுப்பிப்பை அதே நிறுவனத்திடம்தான் பெற வேண்டியிருக்கிறது. அந்நிறுவனம் கேட்ட விலையைக் கொடுப்பது காவலா, கப்பமா? தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், ஒரே இடத்தில் மட்டும் கிடைப்பதை நிபுணர் குழுவின் சான்றோடு விதிவிலக்காக வாங்க இடம் தருகிறது. சட்டம் வழிவிடுகிறது, விலை மட்டும் விற்பவன் கையில் நிற்கிறது. இதற்குப் பரிகாரம் இரண்டாம் ஆண்டில் இல்லை, முதல் நாளில் இருக்கிறது. சோழர் காலத்தில் கோயிலுக்கு ஒரு நொந்தா விளக்கு வைத்தவர், விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 96 ஆடுகளை விட்டு, அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும் என்று கல்லில் எழுதுவித்தார். ஆடு கிழமாகும், சாகும், குட்டிகள் அதன் இடத்தை நிரப்பும், எண்ணிக்கை குறையலாகாது. ஆகையினால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். நாளைய நெய்யின் கணக்கு இன்றைய தானத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது.

நம் ஒப்பந்தப்புள்ளிகள் பெட்டியின் விலையை மட்டும் வைத்து எல்-1 என்னும் குறைந்த விலைக்காரர் யாரென்று தீர்மானிக்கும்போது விளக்கை வாங்கி நெய்யை மறக்கின்றன. ஐந்தாண்டுப் புதுப்பிப்பின் விலையையும், பேட்ச் இடுவோர் ஊதியத்தையும் முதல் ஒப்பந்தப்புள்ளியிலேயே கேட்டு, அந்த மொத்தத்தின்மேல் குறைந்த விலையைத் தீர்மானிக்க வேண்டும். அம்மொத்தத்தை ஒதுக்கும் பொறுப்பை நிதித்துறையும், லைசன்ஸ் முடியுமுன் ஆறு மாதம் இருக்கையிலேயே கோப்பைத் தொடங்கும் பொறுப்பை மாவட்ட அதிகாரிகளும் ஏற்கவேண்டும். தணிக்கையாளர், செலவழித்த தொகைக்கு விளக்கம் கேட்பதுபோலவே, புதுப்பிக்காமல் விட்ட நாட்களுக்கும் விளக்கம் கேட்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.