கட்டிவைத்த பிறகு அடிக்கலாமா?

திருடன் அகப்பட்டுவிட்டான். கைகளைப் பின்னால் முறுக்கிக் கேபிள் வயரால் மின்கம்பத்தில் கட்டியாகிவிட்டது. போலீசுக்குப் போன் போயிருக்கிறது. ஜீப் வந்து சேர அரை மணி நேரம் ஆகலாம். அந்த அரை மணி நேரத்தில் தெரு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? செம்பாக்கம், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள எந்த ஊரிலும் எழக்கூடிய கேள்வி இது. மறுநாள் பேப்பரில் ஒரே வரியில் விடை வந்துவிடும்: பொதுமக்கள் தர்ம அடி கொடுத்துப் போலீசில் ஒப்படைத்தனர். படிப்பவர் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

பறிகொடுத்தவரின் பக்கமிருந்து தொடங்குவதே நியாயம். சொந்த ஊரில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு விடியற்காலை ரயிலில் வந்து இறங்கும் குடும்பம், வீட்டு வாசலில் கிரில் கேட்டின் பூட்டு அறுபட்டுக் கிடப்பதைப் பார்க்கிறது. உள்ளே பீரோவைக் கடப்பாரையால் நெம்பியிருக்கிறார்கள். பட்டுப்புடவைகள் கட்டிலெங்கும் இறைந்து கிடக்கின்றன. நகை டப்பா மட்டும் காலி. நடுத்தர வீடுகளில் நகை என்பது பூட்டிவைத்து அழகு பார்க்கும் பொருள் மட்டுமா? ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கும், திடீரென்று வரும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும், வீட்டுக் கடன் தவணை இடிக்கும் மாதத்துக்கும் அடகுக் கடை வரை போய்த் திரும்பும் சேமிப்பு அது. புகார் கொடுத்து, கைரேகை எடுத்து, மோப்ப நாய் தெருமுனை வரை ஓடி நின்ற பிறகு, பல நேரங்களில் ஒன்றும் நடப்பதில்லை. நகை கிடைத்துவிட்டாலும் கோர்ட்டில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். இந்த வயிற்றெரிச்சலை அனுபவிக்காதவர்கள் தர்ம அடியைக் காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

சட்டமும் அந்தக் கோபத்தை அறியாமல் எழுதப்பட்டதில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த தற்காப்பு உரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. தன் உயிரையும் பொருளையும் மட்டுமின்றிப் பிறருடையதையும் காக்க ஒருவருக்கு உரிமை உண்டு. இரவில் வீட்டை உடைத்து நுழைபவனை எதிர்க்கும்போது, வேறு வழியில்லாத நிலையில் அவன் உயிரே போனாலும் சட்டம் அதை மன்னிக்க இடம் வைத்திருக்கிறது. கண்ணெதிரே கடுங்குற்றம் செய்பவனைப் பொதுமக்களே பிடித்துவைக்கவும் குற்ற விசாரணை முறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு அனுமதிக்கிறது; தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள், போலீசில் ஒப்படைத்துவிட வேண்டும்.

இத்தனை உரிமைக்கும் ஓர் எல்லை உண்டு: தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தீங்கு செய்யக் கூடாது. கோலம் போட்டுக்கொண்டிருக்கும் பெண் தன் தாலிச் சங்கிலியை இழுப்பவன் கையைக் கடிப்பதும், பைக்கோடு அவனைக் கீழே தள்ளுவதும் தற்காப்பு. அவனைக் கட்டிவைத்ததோடு ஆபத்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் விழும் ஒவ்வோர் அடியும் தண்டனை. வீடு புகுந்து திருடினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. கன்னத்தில் அறைவது, முட்டியில் மிதிப்பது என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

எதிர்வாதங்கள் மூன்று. போலீசில் விட்டால் ஜாமீனில் வந்துவிடுவான் என்பது முதலாவது. நாலு பேர் முன்னால் அடி வாங்கினால்தான் அடுத்தவனுக்குப் பயம் வரும் என்பது இரண்டாவது. திருடியவனுக்கு இது தகும் என்பது மூன்றாவது.

முதலாவதில் உண்மை இருக்கிறது. ஆனால் அடிப்பதால் வழக்கு வலுப்பெறுவதில்லை. காயத்தோடு ஒப்படைக்கப்பட்டவனைப் போலீஸ் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அவன் உயிருக்கு ஏதாவது ஆகிவிட்டால், நகையைப் பறிகொடுத்தவரே கொலை வழக்கில் எதிரியாக நிற்பார். திருட்டு வழக்கு கேட்பாரற்றுப் போகும். பயம் வரும் என்பதும் அனுபவத்தோடு ஒத்துவரவில்லை. ஆளில்லாத வீட்டை நோட்டம் விட்டு வருகிறவன் கூட்டத்தின் கையில் சிக்குவதில்லை. நம்பர் பிளேட் இல்லாத பைக்கில் சங்கிலி பறிப்பவன் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி மறைந்துவிடுகிறான். சிக்குகிறவர்கள் போதையில் தடுமாறுகிறவர்களும், பழக்கமில்லாத புதியவர்களும், ஓடத் தெரியாதவர்களும்தான். தொழில்காரன் செய்த களவுக்கெல்லாம் சேர்த்து, அகப்பட்டவன் முதுகில் கணக்குத் தீர்க்கப்படுகிறது.

மூன்றாவது வாதத்துக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். தகும் என்று சொல்வதற்கு முன், இவன்தான் என்று தெரிந்திருக்க வேண்டும். மின்கம்பத்தடியில் நிற்பவர்களைப் பாருங்கள். முதலில் பிடித்த இருவருக்கு ஏதோ தெரியும். பத்து நிமிடம் கழித்து ஓடி வருகிறவருக்கு என்ன திருடு போனது, யார் வீட்டில் என்பதுகூடத் தெரியாது. வந்த வேகத்தில் கையை ஓங்குகிறார். பிறகுதான் பக்கத்தில் நிற்பவரிடம் விவரம் கேட்கிறார். இன்னொருவர் செல்போனில் படம் எடுக்கிறார்.

2024 பிப்ரவரியில், குழந்தை கடத்தல் வதந்தி சென்னைப் புறநகரில் பரவியிருந்தபோது, பம்மலில் ஒரு திருநங்கையைக் கடத்தல்காரர் என்று சந்தேகித்துக் கம்பத்தில் கட்டி அடித்தார்கள். அவர் யாரையும் கடத்த வந்தவரில்லை. அடித்தவர்கள் கைதானார்கள். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 2018 மே மாதம், சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிடப் போன குடும்பம் ஒன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கடத்த வந்தவர்கள் என்று கூட்டம் முடிவுகட்டியது. 65 வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். அதே ஆண்டு பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில், அரிசி திருடியதாகச் சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்துவந்து, கையைக் கட்டி, செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் ஜீப்பில் போகும்போதே அவர் உயிர் பிரிந்தது. 2023 ஏப்ரலில் 14 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களில் 13 பேருக்கு ஏழாண்டு சிறை. அந்த இளைஞர் அரிசியை எடுத்திருந்தால்தான் என்ன? அரிசிக்கு ஈடு உயிரா?

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை. இந்தோனேசியாவின் ஜாவா கிராமங்களில் ஆண்கள் முறை வைத்து இரவுக்காவல் சுற்றுகிறார்கள். காவல் கொட்டகையில் கெந்தோங்கான் என்ற குடைந்த மரத்துண்டு தொங்கும். களவு, தீ, சாவு ஒவ்வொன்றுக்கும் தட்டும் முறை வேறு. ஓசையை வைத்தே ஊர் விஷயத்தைப் புரிந்துகொள்ளும். சம்பளத்துக்கு வாட்ச்மேன் வைத்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வாழ்கிறவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் திருடனைத் தாங்களே அடித்துத் தண்டிக்கும் வழக்கமும் அதே நாட்டில் வேரோடியிருக்கிறது. 2017 ஆகஸ்டில் ஜகார்த்தாவின் கிழக்குப் புறநகரான பெக்காசியில், தொழுகைக் கூடத்து ஆம்ப்ளிஃபயரைத் திருடியதாக ஒருவரைக் கூட்டம் விரட்டிப் பிடித்து உயிரோடு எரித்தது. எடுத்தாரா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் இனி அவரைக் கேட்க முடியாது. ஒன்றுகூடிக் காப்பது வேறு, ஒன்றுகூடித் தீர்ப்புச் சொல்வது வேறு என்று அந்தத் தெருவில் எடுத்துச் சொல்ல ஆளில்லை.

தமிழருக்கு இந்தப் பாடம் புதியதும் இல்லை. விசாரிக்காமல் ஒருவனைக் கள்வன் என்று கொன்றதன் கதைதான் சிலப்பதிகாரம். கோவலனைப் பார்த்த காவலருக்குச் சந்தேகம் வருகிறது. இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் விடவில்லை. கள்வர்க்குத் துணையாகும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்ற எட்டையும் அடுக்கி அவர்கள் வாயை அடைக்கிறான். கடைசியில் வெட்டியவன் அறிவில்லாத குடிகாரன் ஒருவன். தயங்கியவர்கள் அங்கேதான் நின்றிருந்தார்கள். யாரும் குறுக்கே போகவில்லை. கூட்டம் கொல்லும் இடங்களில் இன்றும் இதே வரிசைதான்: சந்தேகப்படுகிறவர் தயங்குகிறார், உறுதியாகப் பேசுகிறவர் சொல் எடுபடுகிறது, போதையில் இருப்பவன் முதல் அடியை அடிக்கிறான்.

தாம்பரம் பகுதியில் இந்த ஆபத்து கூடுதல். அரை நூற்றாண்டுக்கு முன் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் இவை. 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சியாயின. 2022 ஜனவரியில் தனிப் போலீஸ் கமிஷனரேட்டும் வந்தது. ஒரே தெருவில் பத்து மாவட்டத்துக்காரர்கள் வீடு கட்டியிருக்கிறார்கள். மாடிப் போர்ஷனில் குடித்தனம் மாறிக்கொண்டே இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். கிராமத்தில் வேற்றாளை ஊருக்கே அடையாளம் தெரியும். இங்கே எல்லோருமே வேற்றாள் என்பதால், சந்தேகம் உடையையும் மொழியையும் நடையையும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. மனநலம் சரியில்லாதவரும், இந்தி பேசுகிறவரும், திருநங்கையும் அதில் முதலில் அகப்படுகிறார்கள்.

களவுக்கு யார் பொறுப்பு என்பதற்குத் தென் மாவட்டங்களில் ஒரு காலத்தில் காவல் முறை விடையாக இருந்தது. ஊர் காவல்காரருக்குக் கூலி கொடுக்கும். களவு போனால் அவர் பொருளை மீட்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு தர வேண்டும். அதிலும் மிரட்டிப் பணம் பறிக்கும் கேடு புகுந்தது. என்றாலும் களவுக்குப் பொறுப்பேற்க ஒருவர் இருந்தார் என்பதை மறுக்க முடியாது. கூட்டத்தில் யாருக்கும் பொறுப்பில்லை. நாற்பது பேர் ஆளுக்கு ஓர் அறை அறைந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒருவர்கூடத் தன்னைக் கொலைகாரர் என்று நினைக்க மாட்டார்.

ஆகவே தீர்ப்பு இதுதான். திருடனை விரட்டலாம், பிடிக்கலாம், ஓடிவிடாமல் கட்டியும் வைக்கலாம். கட்டிய கையோடு தெருவின் உரிமை முடிகிறது. அப்போதிருந்து அவன் உயிர் தெருவின் பொறுப்பு. குடியிருப்போர் நலச் சங்கங்கள் சிசிடிவிக்கு வசூல் செய்வதோடு இதையும் தீர்மானமாக எழுதிவைக்க வேண்டும்: யாராவது பிடிபட்டால் உடனே 100க்கோ 112க்கோ போன் செய்ய வேண்டும், அவரை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும், இரண்டு பேர் பக்கத்தில் நின்று, வருகிறவர்களைத் தள்ளி நிறுத்த வேண்டும், படத்தை வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. அந்த இரண்டு பேர் யார் என்பதைத் திருடன் வருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.