கைராசி என்னும் மயக்கம்

வீட்டுத் தோட்டம் போடுபவர்கள் அடிக்கடி கூறும் சொல் ஒன்று உண்டு: கைராசி. நட்டது தழைத்தால், ‘எனக்குக் கைராசி உண்டு’ என்கிறார்கள். பட்டுப்போனால், ‘என் கைக்கு ராசி இல்லை’ என்று தொட்டிகளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். முன்னது பெருமிதம், பின்னது சோர்வு. இரண்டிற்கும் வேர் ஒன்றே: விளைவு முழுவதும் என்னைப் பொறுத்தது என்ற எண்ணம். இது உண்மைதானா?

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டப் பகுதிகளைப் பார்த்தால் விடை கிடைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதன் வழியே வேகமாக வீசுகிறது. மொட்டை மாடியில் பைகளில் வளரும் கத்தரியும் வெண்டையும் காலையில் பெற்ற நீரை மாலைக்குள் இழந்து வாடுகின்றன. தெற்கே இடுக்கியில், மழை மறைவுப் பகுதியான மறையூரில் மழை குறைவு. அதே மாவட்டத்தின் பிற இடங்களிலோ பருவமழை மிகுதி. அங்கே நீர் தேங்கிய மண்ணில் பரவும் வாடல் நோயால், பசுமையாக நின்ற மிளகுக்கொடி சில நாட்களில் இலையுதிர்ந்து மடிகிறது. வட்டவடை, காந்தல்லூர் குளிரில் செழிக்கும் பூண்டு, பாலக்காட்டுச் சமவெளியின் வெப்பத்தில் அவ்வாறு விளைவதில்லை. நடும் கை ஒன்றேயானாலும் பலன் வேறாகிறது.

எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்று கீதையின் 18-ஆம் அத்தியாயத்தில் பகவான் கூறுகிறார்: ஆதாரம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். ஆதாரம் என்பதற்கு உடல் என்று உரையாசிரியர்கள் பொருள் கொள்கின்றனர். தோட்டத்தில் அதை மண்ணாகவும் கொள்ளலாம். தெய்வம் என்பது கண் முதலிய புலன்களுக்குத் துணைநிற்கும் சூரியன் முதலிய தேவதைகள் என்பது ஆதிசங்கரரின் விளக்கம். பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. வெயிலும் வேண்டும், தேனீயும் வர வேண்டும். அப்போதுதான் காய் பிடிக்கும். அந்தத் தேனீயை அழைத்து வந்தது எவருடைய கைராசி?

அப்படியானால் முயற்சி எதற்கு என்று கேட்கலாம். ஐந்தில் ஒன்றுதான் தெய்வம். மற்றவற்றில் நமக்குப் பங்கு உண்டு. காற்றை நிறுத்த இயலாது. ஆனால் செடிக்குக் கொம்பு நட்டுக் கட்டலாம், காய்ந்த சருகால் மண்ணுக்கு மூடாக்கு இடலாம். பழ ஈ துளைக்காமல் பாகற்பிஞ்சுக்குக் காகித உறை போடலாம். 1900 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆற்றிய ‘செயலும் அதன் ரகசியமும்’ என்ற சொற்பொழிவில், குறிக்கோளில் செலுத்தும் கவனத்தை அதை அடையும் வழியிலும் செலுத்த வேண்டும் என்று சுவாமி விவேகானந்தர் வலியுறுத்தினார். பலனில் பற்றின்மை என்பது பணியில் அலட்சியம் அன்று. பலனைப் பற்றிய கவலையில் வீணாகும் மனம் பணிக்கே திரும்புவதுதான் கர்மயோகம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பொழுதுபோக்காகத் தோட்டம் போடுபவர் இழப்பது ஒரு தொட்டிச் செடியை. மிளகை நம்பி வாழும் இடுக்கி விவசாயி இழப்பதோ குடும்பத்தின் ஓராண்டு வாழ்வை. 2018 ஆகஸ்டில் பெருமழையும் நிலச்சரிவுகளும் அம்மாவட்டத்தின் விளைநிலங்கள் பலவற்றை அழித்தன. அத்தகைய இழப்பில் நிற்பவரிடம், ‘பலனை எதிர்பார்க்காதே’ என்று உபதேசிப்பது வேதாந்தம் ஆகாது. பற்றின்மை நாம் நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய பாடம். பிறருக்கு நாம் தர வேண்டியது உதவி. பிறரது தோல்வியில் அவரது குறையை மட்டும் காண்பவர், ஐந்து காரணங்களில் ஒன்றை மட்டுமே கண்டவர்.

காய்த்தது நான்கு வெண்டைக்காய்தான் என்றாலும் அதை இறைவனின் பிரசாதமாக ஏற்று, அண்டை வீட்டாருடன் பகிர்ந்து கொள்வோம். ஒன்றும் காய்க்கவில்லையெனில், காரணத்தை ஆராய்ந்து, மண்ணைக் கொத்தி, மீண்டும் ஒரு விதையை ஊன்றுவோம். சந்தையில் காய் வாங்கும்போது, அதை விளைவித்தவரின் உழைப்பை எண்ணி, பேரம் பேசாமல் உரிய விலையைக் கொடுப்போம். ஒரு தொட்டி மண் நமக்கு இவ்வளவையும் கற்பித்துவிட்டால், அதுவே சிறந்த விளைச்சல்.