யாருக்காக இந்த வீடு?

"இந்த வீட்டிலை நாங்கள் எத்தனை வருசம் இருக்கப் போறம்? பிள்ளைகள் வளர்ந்ததும் விக்கிற வீட்டுக்கு ஏன் இவ்வளவு செலவு?" லொஃப்டில் வெப்பக்காப்புப் பஞ்சு விரிப்பது, யன்னல்களை மாற்றுவது என்று பேச்சு எழுந்தால், எம்மவர் மத்தியில் இக்கேள்வியும் கூடவே வந்துவிடும். போட்ட பணம் எப்போது திரும்பும் என்று பார்ப்பதில் தவறில்லை. கணக்காளனாகிய எனது தொழிலும் அதுவே. ஆனால் அந்தக் கணக்கு மட்டும் போதுமா?

தோர்ண்டன் ஹீத்தில் நாம் வாழும் வரிசை வீடுகளில் பல, நிலக்கரி எரித்த காலத்தில் கட்டப்பட்டவை. அவற்றின் செங்கற் சுவர்களுக்குள் இடைவெளி இல்லை. காப்பில்லாத வீட்டின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு சுவர் வழியாகவும், காற்பங்கு கூரை வழியாகவும் வெளியேறுகின்றது. எரிவாயுவுக்கு நாம் கட்டும் பணத்தில் பாதி வீதியைச் சூடாக்கவே போகின்றது. அந்தப் புகையால் வரும் கேடோ எமது பில்லில் வருவதில்லை. உவர்நீருக்கு மேல் மெல்லியதொரு நன்னீர்ப் படையை நம்பிக் கிணறு வைத்திருக்கும் யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற தாழ்ந்த நிலங்களில், கடல் உயர உயர வேறொருவர் அதனைக் கட்டுவார்.

இங்கிருந்து மேற்கே சில மைல் தூரத்தில், ஹாக்பிரிட்ஜில் 'பெட்செட்' என்றொரு குடியிருப்பு உண்டு. கட்டடக் கலைஞர் பில் டன்ஸ்டர் வடிவமைக்க, பீபடி அறக்கட்டளையும் பயோரீஜனல் அமைப்பும் சேர்ந்து 2002இல் அதனை நிறைவு செய்தன. ஏறக்குறைய நூறு வீடுகள்; வெயிலைப் பிடிக்கத் தெற்கு நோக்கிய கண்ணாடிகள்; 30 சென்ரிமீற்றர் வெப்பக்காப்பு. மரச்சீவல் எரித்து மின்சாரமும் சுடுநீரும் தர வைத்த இயந்திரம் 2005இல் நின்றுபோயிற்று. ஆனால் தடித்த சுவர்கள் தம் வேலையைத் தொடர்ந்தன. சில ஆண்டுகளின் பின் ஆராய்ந்தபோது, சூடாக்கச் செலவாகும் சக்தி சுற்றுவட்டார வீடுகளைவிட மிகக் குறைவாக இருந்தது. அங்கு குடியிருந்தோரின் விமானப் பயணமோ குறையவில்லை. நல்ல வீடு நல்ல நடத்தையைத் தானே தந்துவிடாது என்பது அதன் பாடம்.

விமானப் பயணம் என்றதும் எமக்கு மனம் உறுத்தும். எமது உறவுகளைக் கனடா, ஜேர்மனி, அவுஸ்திரேலியா என்று சிதறடித்தது போர். வயதான தாயைப் பார்க்கப் போவதைக் குற்றமென்று எவர் சொல்வார்? ஆனால் ஓரிடத்தில் குறைக்க முடியாதவர், குறைக்கக்கூடிய இடத்தில் குறைப்பதே நியாயம். எமக்கு அந்த இடம் வீடு.

இது வெள்ளையரிடம் கற்க வேண்டிய புதுமையுமல்ல. ஆறில்லாத ஊரில், கிணற்றடியில் குளித்த நீர் வாழைக்குப் போனது. பனையோலை வேலியானது, உக்கியபின் தோட்டத்துக்குப் பசளையானது. தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பார்கள். அது தெரிந்தும் எமது முன்னோர் பனங்கொட்டையைப் புதைத்தார்கள். போட்ட பணம் தமக்கே திரும்ப வேண்டுமென்று அவர்கள் பார்த்திருந்தால் வடக்கில் பனந்தோப்பு இருந்திராது.

1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு, வீடு கைமாறும் பொருள் என்று எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். 'நிலையில்லாததற்கு ஏன் செலவு?' என்பது ஒன்று. 'எமக்குப் பின் வருபவருக்காக ஒப்படைக்கப்பட்டது' என்பது மற்றது. நாம் விட்டுவந்த வீட்டில் குடியேறியவர் அந்த மாமரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமென்று விரும்புகிறோம் அல்லவா? அதே விருப்பம் இந்த வீட்டின் மீதும் ஒருவருக்கு இருக்கக்கூடும்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்போர் இதனை விசேடமாகச் சிந்திக்க வேண்டும். 'கட்டணம் கட்டுவது அவர்தானே' என்று ஈரம் பிடித்த அறையைக் கொடுப்பது, இன்னொரு தாயின் பிள்ளையை இருமவிட்டு இலாபம் பார்ப்பதாகும்.

முதலில் செய்யக்கூடியது சிறிது. லொஃப்டில் 27 சென்ரிமீற்றர் கனத்துக்குப் பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். கதவிடுக்குகளை அடையுங்கள், ஆனால் காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள், எமது சமையலின் நீராவி வெளியேற வேண்டும். அடுத்து இங்கு வாழப்போகிறவர் எமது பெயரை அறியமாட்டார். அவருக்குக் குளிராமல் இருந்தால் அதுவே போதும்.