தங்குதலும் சம்மதமும்

கூண்டில் அடைத்து வளர்க்கும் உயிரைப் பற்றி நமக்குள்ள தார்மீகச் சங்கடம் எளிமையானது. கம்பி கண்ணுக்குத் தெரிகிறது. கம்பியே இல்லாத, வாசல் எந்நேரமும் திறந்தே கிடக்கிற ஒரு கட்டிடத்துக்கு உயிர்கள் தாமாக வந்து, தாமாகத் தங்கி, அவை கட்டியதை நாம் எடுத்து விற்கும்போது அந்தச் சங்கடம் எங்கே போய் நிற்கும்? மலேசியாவில் பேராக் கடலோரம், சித்தியவானுக்கு அருகே, ஒரு குருவி வீட்டின் உள்நிலையைப் பரிசோதிக்கப் போன நண்பருக்குக் கருவி பிடிக்கும் துணையாளாக நான் சென்றபோது இந்தக் கேள்வி என்னிடம் இல்லை. திரும்பியபோது இருந்தது.

மலாய்க்காரர்கள் 'வாலிட்' என்று சொல்லும் இந்தக் குருவி உழவாரக் குருவி இனம். கிளையில் உட்காரும் கால் அதற்கில்லை. செங்குத்தான பரப்பில் தொற்றிக்கொள்ளத்தான் முடியும். பகலெல்லாம் பறந்தபடியே பூச்சி தின்கிறது. முழு இருட்டில் 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி கண்டுகொள்கிறது. கூட்டுக்கு நாரும் சேறும் தேடுவதில்லை. தன் எச்சிலையே இழை இழையாக ஒட்டி, ஒரு மாதத்துக்கும் மேல் உழைத்து, அரைக் கிண்ணம் போல ஒன்றைக் கட்டுகிறது. எடை 8 கிராம், 10 கிராம். நூற்றுக்கு மேல் கூடுகள் சேர்ந்தால் ஒரு கிலோ. சீனர்களின் சூப்புக்காகப் பல நூற்றாண்டுகளாக இதை போர்னியோவின் நியா, கோமந்தோங் போன்ற குகைகளில் பிரம்பு ஏணி கட்டி ஏறி எடுத்து வந்தார்கள். குகையை விட்டு வீட்டுக்கு வந்தது ஜாவாவில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிரெசிக் அருகே சிடாயுவில், ஆளில்லாத வீட்டில் குருவிகள் தாமே கூடு வைத்ததில் தொடங்கியது என்று சொல்கிறார்கள். மலேசியாவில் 1997ன் பொருளாதார நெருக்கடி வியாபாரமற்ற கடைவீடுகளை விட்டுச் சென்றபின் இது பெருகியது. மனிதன் வைத்த வீட்டில் மனிதன் குடியிருக்க இயலாமற்போன இடத்தில் குருவி குடியேறியது.

நாங்கள் நடுப்பகலில் உள்ளே போனோம். பெரும்பாலான குருவிகள் இரை தேடப் போயிருக்கும் நேரம். முதலில் நாசியைத் தாக்குவது எச்சத்தின் காரம். பிறகு இருட்டு. கூரையடியில் வரிசையாகப் பலகைகள். பலகைக்கு இடையிடையே விரலளவு ஒலிபெருக்கிகள். அவற்றிலிருந்து ஓயாமல் குருவிச் சத்தம். நண்பர் கருவியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். உஷ்ணம் 26லிருந்து 30 டிகிரிக்குள், ஈரப்பதம் 80லிருந்து 90 சதவீதம், வெளிச்சம் ஏறக்குறைய பூஜ்யம் - இதுதான் வேண்டிய ஸ்திதி. கீழ்த்தளம் சரியாக இருந்தது. மேல்தளத்தில் 32 டிகிரி, ஈரப்பதம் 71. வாசல் துளையிலிருந்து ஒரு கீற்று வெளிச்சம் நேராகப் பலகையில் விழுந்தது. ஓரிடத்தில் நீராவி அதிகமாகிப் பலகை பூஞ்சை பிடித்திருந்தது. தடுப்புச் சுவர் ஒன்று, கூரைக்கு இன்னொரு கூரை, பல்லிக்கும் எலிக்கும் சந்து அடைப்பு என்று அவர் கணக்குப் போட்டார். அவர் கருவியைவிடவும் நம்பியது தரையை. எந்தப் பலகைக்கு நேர்கீழே எச்சம் புதிதாகக் குவிந்திருக்கிறதோ அங்கே குருவி உறங்குகிறது. எங்கே தரை சுத்தமாக இருக்கிறதோ அங்கே அதற்கு ஏதோ பிடிக்கவில்லை.

"பிடிக்கவில்லை" - இது அவர் சொல். நான் மனசிலிருந்ததைக் கேட்டேன். அவர் சிரித்தார். "வாசல் திறந்துதானய்யா கெடக்கு. பிடிக்கலேன்னா போயிடப் போகுது. கோழிப் பண்ணைக்காரனைக் கேளு இந்தக் கேள்வியை."

இந்தப் பதிலை அலட்சியம் செய்ய முடியாது. கோழியோ பன்றியோ தன் நிலையைப் பற்றிச் சொல்ல வழியில்லை. இந்தக் குருவி தினமும் காலையில் வெளியேறி மாலையில் திரும்புவதன் மூலம் சொல்லிவிடுகிறது. நாள்தோறும் புதுப்பிக்கப்படும் சம்மதம். உலகத்தில் விலங்கை வைத்துப் பிழைக்கும் தொழில்களில் இத்தனை மாசற்றது வேறொன்று உண்டா என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது.

ஆனால் சம்மதம் எப்படிப் பெறப்பட்டது? அந்த ஒலிபெருக்கிகள். புதிதாகக் கட்டிய வீட்டில் ஒரு குருவியும் இராது. ஆயிரம் குருவிகள் கூடிக் குடும்பம் நடத்தும் சத்தம் மட்டும் இருக்கும். தன்னினத்தின் குரலைக் கேட்டு முதல் குருவி நுழைகிறது. அது கேட்டது பொய். பத்து வருஷம் கழித்து அங்கே நிஜமாகவே ஆயிரம் குருவிகள் இருக்கின்றன, பொய் வாஸ்தவமாகிவிட்டது. நிறைவேறிவிட்ட பொய்யை இன்னும் பொய் என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது என்றே ஒருவர் வாதிக்கலாம். ஆனால் நிறைவேற்றுவது அழைத்தவன் கையில் இருக்கிறது. ஜார்ஜ் டவுன் 2008ல் உலகப் பாரம்பரிய நகரமான பிறகு, அங்கிருந்த குருவி வீடுகள் 2013 முடிவதற்குள் காலிசெய்ய வேண்டும் என்று பினாங்கு மாநில அரசு கெடு வைத்தது. கட்டிடத்தின் நியாயமும் அக்கம்பக்கத்தாரின் நியாயமும் அதில் இருந்தன. குருவியிடம் மட்டும் சொல்ல வழியில்லை. அழைத்த குரல் நிறுத்தப்பட்டுவிடலாம் என்பது அழைப்பின் ஷரத்துக்களில் அதற்குத் தெரிவிக்கப்படவில்லை.

இங்கே எனக்கு என் பாட்டனார் ஞாபகம் வந்ததைத் தடுக்க இயலவில்லை. கங்காணி பேச்சைக் கேட்டுக் கப்பலேறியவர் அவர். கங்காணி அந்நியன் அல்ல. தோட்டத்தில் வேலை செய்து, தோட்டமே கூலி கொடுத்துச் சொந்த ஊருக்குத் திருப்பியனுப்பிய உறவுக்காரன். நம் குரலில் நம்மை அழைக்க நம்மவனையே அனுப்பினார்கள். இந்திய அரசு 1938ல் தடைசெய்யும்வரை இந்த முறை நடந்தது. அதற்கு முன்பே ஒப்பந்தக் கூலிமுறை போய், ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்து யாரும் விலகிக்கொள்ளலாம் என்ற சட்டம் இருந்தது. வாசல் திறந்துதான் இருந்தது. லயத்தின் அகல நீளத்தையும் சாக்கடையையும் அதிகாரிகள் வந்து அளந்து எழுதிக்கொண்டும் போனார்கள். பாட்டனார் தங்கினார். அவர் தங்கியதை வைத்து அவர் நிலை திருப்தி என்று ஒருவர் முடிவுகட்டியிருந்தால், அது தவறு என்பதை நான் குடும்பத்தின் உள்ளிருந்து அறிவேன்.

மனிதனையும் குருவியையும் ஒன்றாக்கப் பார்க்கவில்லை. வித்தியாசம் இருக்கிறது, அந்த வித்தியாசமே என் வாதம். பாட்டனாரிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். குருவியைப் பொறுத்தவரை தங்குவது ஒன்றைத் தவிர நமக்குச் சாட்சியே இல்லை. அந்தச் சாட்சியும் என்ன சொல்கிறது? பிறந்த இடத்துக்கே திரும்பும் இயல்புள்ள பறவை அது. இருட்டும் ஈரமும் எதிரியற்ற சுவரும் அதற்கு அபூர்வம். தனக்குத் தெரிந்த மற்ற இடங்களைவிட இது மோசமில்லை என்பதற்கு மேல் ஒரு சொல்லும் அந்தத் தங்குதலில் இல்லை.

இதைக் கூட்டை எடுக்கும் முறை நிரூபிக்கிறது. மூன்று முறைகள் உண்டு, இந்தோனேசியர்கள் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். முட்டையிடும் முன் கூட்டைப் பெயர்த்துவிடுவது ஒன்று. அதன் பெயரிலேயே 'பறிப்பு' என்ற அர்த்தம் இருக்கிறது. முட்டையிட்ட பின் முட்டைகளை எறிந்துவிட்டு எடுப்பது இரண்டாவது. குஞ்சு பறந்து போனபின் எடுப்பது மூன்றாவது. நல்ல நடைமுறை என்று இன்று பரிந்துரைக்கப்படுவது இதுதான். முதல் முறையில் கூட்டை இழந்த குருவி என்ன செய்கிறது? அதே பலகையில் மறுபடி எச்சில் ஊறவைத்துக் கட்டத் தொடங்குகிறது. இரண்டாவதிலும் அதேதான். வருஷக்கணக்கில் இப்படியே செய்தால் இளங்குருவி இல்லாமல் வீடு தேய்ந்து போகும். அப்போதும் அது முதலாளியின் ஏட்டில் நஷ்டமாகத்தான் பதிவாகும், குற்றமாக அல்ல. முட்டைகள் எறியப்பட்ட நாளுக்கு முந்தைய இரவும் மறு இரவும் கருவி ஒரே எண்ணைத்தான் காட்டும்: 28 டிகிரி, 85 சதவீதம், வெளிச்சம் பூஜ்யம். குருவியும் தங்கியிருக்கும். நியாயத்துக்கும் அநியாயத்துக்கும் ஒரே பதிலைத் தருகிற ஒன்றை அளவுகோல் என்று எப்படி ஏற்பது?

அளப்பவனின் அக்கறை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. சிவப்புக் கூட்டுக்கு வெகுகாலமாக அதிக விலை. மீண்டும் மீண்டும் கட்டிக் களைத்த குருவி எச்சில் வற்றி இரத்தம் கக்கிக் கட்டியது என்று ஜனங்கள் நம்பினார்கள். நம்பி, கூடக் கொடுத்து வாங்கினார்கள். 2011ல் சிவப்புக் கூடுகளில் நைட்ரைட் மிதமிஞ்சி இருந்ததால் சீனா இறக்குமதியை நிறுத்தியது. பிறகு கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று உச்சவரம்பு விதித்தது. வீட்டின் எச்சமும் காற்றும் ஈரமும் சிரத்தையோடு கவனிக்கப்பட்டன. 2013லும் 2018லும் வந்த ஆராய்ச்சிகள், சிவப்பு இரத்தமல்ல, தரையில் மக்கும் எச்சத்திலிருந்து எழும் ஆவி கூட்டின் புரதத்தோடு வினைபுரிந்து உண்டாக்கும் நிறம் என்று காட்டின. இரத்தம் என்பது கட்டுக்கதை, சரி. ஆனால் அதை இரத்தம் என்று நம்பிய காலத்தில் விலை குறையவில்லை, கூடியது. தின்பவன் உடம்புக்குக் கேடு என்றதும்தான் அளவு கருவி உள்ளே நுழைந்தது.

இதற்காக வீடுகளை மூடச் சொல்கிறேனா என்றால், இல்லை. இந்த வீடுகளால் குருவிக்குக் கூடு வைக்கும் இடம் பெருகியிருப்பது உண்மை. நண்பர் மேல்தளத்தைக் குளிரவைத்தால் அது குருவிக்கும் நல்லதுதான். நான் சொல்வது சிறியது. திறந்த வாசல் நம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதில்லை. கூண்டு வைத்திருப்பவனுக்குத் தான் அடைத்திருக்கிறோம் என்றாவது தெரியும். வாசலைத் திறந்து வைத்தவனோ ஒவ்வொரு மாலையும் திரும்பி வரும் சிறகுகளைத் தன் நடத்தைக்குக் கிடைத்த நற்சான்றாகப் படித்துவிடக்கூடும். எதை எப்போது எடுக்கலாம் என்பதைக் குருவி சொல்லாது. அதைத் தீர்மானிக்க நமக்கு நாமே வேறொரு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே வந்து வெயிலில் கண் கூசியபடி நின்றோம். நண்பரின் படிவத்தில் கடைசிக் கட்டம் நிரப்பப்படாமல் இருந்தது: பறவைகளின் நிலை. வழக்கமாக அவர் அங்கே 'திருப்தி' என்று எழுதுவார். பேனா என் கையில் இருந்தது. 'தங்கியிருக்கின்றன' என்று எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, ரெண்டும் ஒன்றுதானே என்றார்.